பச்சை எண்ணுக்குப் பின்னால் இருப்பதையும் காட்டுங்கள்: கிளைடர் வழிகாட்டிச் செயலியை உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலிக் குழுவினருக்கு வணக்கம்.

இயந்திரத்தின் துணையின்றிக் காற்றில் சறுக்கிப் பறக்கும் கிளைடர்களுக்கான உங்கள் செயலியின் போன அப்டேட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிரலுக்குள் நடந்தது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் செட்டிங்ஸ் இருந்த பழைய சுயவிவரக் கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது இரண்டு மதிப்புகள் வழியிலேயே விழுந்துவிட்டன. பாதுகாப்பு உயரமாக, அதாவது ஓடுதளத்துக்கு வந்து சேரும்போது கையிருப்பாக இருக்க வேண்டும் என்று நான் வைத்திருந்த 300 மீட்டர் பூஜ்யமானது. இறக்கையில் பூச்சி ஒட்டுவதால் சறுக்கும் திறன் குறைவதற்காகக் கழிக்கும் பூச்சிக் குறைப்பாக வைத்திருந்த 10 சதவீதமும் பூஜ்யமானது. உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். பறப்பதற்கு முன் செட்டிங்ஸைச் சரிபார்ப்பது விமானியின் பொறுப்பு என்று ஒரே வரியில் பதில் வந்தது.

பொறுப்பு என்னுடையதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று பிற்பகல் என்ன நடந்தது என்பதை நீங்கள் முழுதாகக் கேட்க வேண்டும்.

300 கிலோமீட்டர் முக்கோணப் பறப்பு. இரண்டு திருப்புப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் வந்துகொண்டிருந்தேன். வெயில் சாய ஆரம்பித்துவிட்டது, கிளைடரை மேலே தூக்கும் வெப்பக் காற்றோட்டங்களான தெர்மல்களும் களைத்துவிட்டன. ஓடுதளம் 34 கிலோமீட்டர் தொலைவில். அதன் மட்டத்திலிருந்து என் உயரம் 1,300 மீட்டர். எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர். அடுத்த தெர்மல் நொடிக்கு எத்தனை மீட்டர் தூக்கும் என்ற எதிர்பார்ப்பைக் குறிக்கும் மெக்கிரீடி மதிப்பை 1-இல் வைத்திருந்தேன். நொடிக்கு ஒன்றரை மீட்டர் தூக்கிக்கொண்டிருந்த ஒரு நல்ல தெர்மலில் சுழன்றுகொண்டிருந்தபோது, உங்கள் திரையில் சேரும் உயரம் பச்சைக்கு மாறியது. பிளஸ் 190.

உங்கள் செயலியோடு ஆறு வருடமாகப் பறக்கிறேன். அந்த எண்ணுக்கு என் மனதில் ஒரே பொருள்தான் உண்டு. 300 மீட்டரை ஒதுக்கிவைத்த பிறகு மிச்சம் இருப்பது எவ்வளவோ, அதுதான் அது. ஆக, ஓடுதளத்தின் மேல் 490 மீட்டரில் போய்ச் சேர்வேன், நிதானமாக ஒரு வட்டமடித்து இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். தெர்மலை விட்டு மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

வழியெல்லாம் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தது. எண்ணும் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் பச்சை மாறவில்லை. 15 கிலோமீட்டர் மிச்சமிருந்தபோது உயரம் 560 மீட்டர், திரையில் பிளஸ் 70. அப்போதுதான் ஏதோ உறுத்தியது. இந்தக் காற்றில் 30 மீட்டர் முன்னே போக 1 மீட்டர் இறங்கும் என்று வைத்தால் 15 கிலோமீட்டருக்கு 500 மீட்டர் வேண்டும். ஒதுக்கும் 300-ஐச் சேர்த்தால் 800. என்னிடம் இருப்பதோ 560. மைனஸ் 240 என்று சிவப்பில் காட்டவேண்டிய திரை பிளஸ் 70 என்று பச்சையில் காட்டுகிறது. என் கணக்கு தப்பா, திரையின் கணக்கு தப்பா?

அதற்கு அடுத்த 40 நொடிகளைப் பற்றித்தான் இந்த மடலே. பாதுகாப்பு உயரம் எவ்வளவு என்பதை முதன்மைத் திரையில் பார்க்க வழியில்லை. மெனுவைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் போய், கணக்கீடு என்ற பக்கத்தைத் தேடி, அதற்குள் பாதுகாப்பு என்ற பக்கத்தைத் தட்ட வேண்டும். நான்கு படிகள். ஒரு கை ஸ்டிக்கில் இருக்கிறது. கிளைடர் குலுங்கும்போது விரல் பக்கத்துப் பொத்தானில் படுகிறது, திரும்பி வந்து மறுபடி தட்ட வேண்டியிருக்கிறது. திரையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அந்தக் காற்றில் கிளைடர் நொடிக்கு இரண்டு மீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு உயரம் 0 என்பதைக் கண்ணால் பார்த்துத் தலையை நிமிர்த்தியபோது 80 மீட்டர் போயிருந்தது. அந்த 40 நொடியும் நான் வெளியே பார்க்கவே இல்லை. இன்னொரு கிளைடர் எதிரே வந்ததா, கீழே எந்த வயல் நல்லது, எதுவும் எனக்குத் தெரியாது.

நீங்களும் பறப்பவர்கள்தான், ஆகவே இதை விளக்கத் தேவையில்லை. 600 மீட்டருக்கு வரும்போதே இறங்கத்தக்க பகுதி கண்ணில் இருக்க வேண்டும். 450-இல் வயல் முடிவாகியிருக்க வேண்டும். 300-இல் அதைச் சுற்றி வட்டமடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். என் பயிற்றுநர் இதை என் தலையில் ஆணி அடித்ததுபோல் இறக்கியிருந்தார். அன்று 480 மீட்டரில்தான் நான் பகுதியையே தேட ஆரம்பித்தேன். முதலில் பார்த்த வயலின் குறுக்கே கம்பங்கள் தெரிந்தன. கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும் என்பது நினைவிருந்ததால் பிழைத்தேன். அதை விட்டு, அறுவடை முடிந்த இன்னொரு வயலில் காற்றுக்கு எதிராக இறங்கினேன். கிளைடருக்கு ஒரு கீறல் இல்லை, எனக்கும் ஒன்றுமில்லை. பெல்ட்டைக் கழற்ற மட்டும் வெகுநேரம் ஆனது. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் செட்டிங்ஸ் அப்படியே இருந்திருந்தால், நான் அந்தத் தெர்மலை விட்ட நொடியில் திரை மைனஸ் 236 காட்டியிருக்கும். எனக்கும் உண்மைக்கும் நடுவே 400 மீட்டருக்கு மேல் இடைவெளி. அதே தெர்மலில் இன்னும் மூன்று நிமிடம் சுழன்றிருந்தால் அந்த மைனஸ் 236-ஐச் சரிக்கட்டியிருப்பேன். தெர்மல் இருந்தது, நேரமும் இருந்தது. போதும், கிளம்பு என்று ஒரு பச்சை எண் சொன்னது, நான் கிளம்பினேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். சேரும் உயரத்தைக் காட்டும் இடத்திலேயே, அது எவ்வளவு பாதுகாப்பு உயரத்தையும் எவ்வளவு பூச்சிக் குறைப்பையும் வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் எப்போதும் காட்டுங்கள். அப்டேட்டில் இவற்றில் எது மாறினாலும், தரையில் இருக்கும்போதே சொல்லுங்கள். நான் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே திரை அடுத்த கட்டத்துக்குப் போகட்டும்.

திரையில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். 300, 10 என்று இரண்டே சிறிய எண்கள் போதும். பச்சை எண்ணுக்குக் கீழே அவை அடங்கும்.

பால் மெக்கிரீடி 1940-களின் இறுதியில் வகுத்த வளையத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1956-இல் பிரான்சில் உலக கிளைடர் சாம்பியன் ஆனவர் அவர். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோவின் முகப்பைச் சுற்றி ஒரு வளையம். அடுத்த தெர்மல் எவ்வளவு தூக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ, அந்த எண்ணுக்கு விமானி தன் கையால் அதைத் திருப்பிவைப்பார். எந்த வேகத்தில் பறக்க வேண்டும் என்பதை முள் காட்டும். உங்கள் செயலியின் அடியில் ஓடுவதும் அதே கணக்குத்தான். ஆனால் அந்த வளையத்தில் ஒரு நேர்மை இருந்தது. எதை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பது கண்ணெதிரே இருந்தது, விமானியின் கை படாமல் அது திரும்பாது. ஓடுதளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் வரைந்த காகித வரைபடமும் அப்படித்தான். இரவோடு இரவாக அதன் வட்டங்கள் இடம் மாறியதில்லை. காகிதத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. காற்றையும் உயரத்தையும் தரையின் மேடுபள்ளத்தையும் நொடிக்கு நொடி சேர்த்துப் பார்த்துச் சொல்ல என் மூளையால் ஆகாது, உங்கள் செயலியால் ஆகிறது. அதனால்தான் ஆறு வருடமாக நம்பினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு உயரத்தின் ஆரம்ப மதிப்பு ஏன் பூஜ்யம்? எனக்காவது மனக்கணக்குப் பழக்கம் இருந்தது. வெள்ளிப் பேட்ஜ் என்ற கிளைடர் தகுதிக்காக முதன்முதலாக 50 கிலோமீட்டர் கிளம்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். செயலியை நிறுவுகிறார், கிளைடரின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார், எந்த வேகத்தில் அது எவ்வளவு இறங்கும் என்று சொல்லும் போலார் வளைவு தானாக வந்துவிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த, துடைத்து மெருகேற்றிய இறக்கைக்கான வளைவு அது. அவர் பறப்பதோ இருபது வருடப் பழைய கிளப் கிளைடர், முன்விளிம்பு முழுக்கப் பூச்சி ஒட்டியிருக்கிறது. பிளஸ் 20 என்று பச்சை காட்டினால் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஓடுதளத்தின் மேல் வெறும் 20 மீட்டரில் வந்து சேரும் கணக்கு அது என்று அவருக்கு யார் சொல்வது? பூஜ்யத்தோடு யாரும் பறக்கக் கூடாது. அப்படியிருக்க, அதை ஆரம்ப மதிப்பாக வைப்பதில் என்ன நியாயம்?

அப்டேட் குறிப்பையும் மறுபடி படித்துப் பார்த்தேன். வரைபடத்தின் புதிய நிறங்களைப் பற்றி நான்கு வரி இருந்தது. சுயவிவரக் கோப்பு மாறுகிறது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுவும் பறக்கும் பருவத்தின் நட்டநடுவில் வந்த அப்டேட். அப்புறம், தடைசெய்யப்பட்ட வான்வெளியை நெருங்கும்போது வரும் எச்சரிக்கைப் பெட்டி. ஃபைனல் கிளைடின், அதாவது ஓடுதளத்தை நோக்கிய கடைசிச் சறுக்கலின் நடுவில் திரையின் பாதியை மறைத்துக்கொண்டு வந்து நிற்கிறது, அதை மூடும் பொத்தான் கையுறை போட்ட விரலுக்கு எட்டாத மூலையில் இருக்கிறது. வான்வெளித் தகவல்கள் 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்படுகின்றன, ஆனால் நான் ஏற்றிவைத்திருக்கும் கோப்பு எந்தத் தேதியுடையது என்று உங்கள் திரை ஒருபோதும் சொல்வதில்லை. போன வருடக் கோப்போடு பறந்து, தடைசெய்யப்பட்ட பகுதியின் ஓரம்வரை போய்த் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். வானிலைப் படலம், நேரலைப் பகிர்வு என்று பருவத்துக்குப் பருவம் புதிதாக ஏதாவது சேர்கிறது. சேர்ப்பது ஒவ்வொன்றும் விமானியின் கண்ணை வெளியிலிருந்து உள்ளே இழுக்கிறது. ஒரே தெர்மலில் ஐந்து கிளைடர்கள் சுழலும்போது, மோதல் எச்சரிக்கைக் கருவி இருந்தாலும், கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் கண்தான் எங்களைக் காப்பாற்றுகிறது. அந்தக் கண்ணை நான்கு படி மெனுவுக்குள் அனுப்பும் ஒவ்வொரு வடிவமைப்பின் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

சரி, எல்லாவற்றையும் ஒரே மடலில் கொட்டக் கூடாது. மற்றவற்றைத் தனியாக எழுதுகிறேன். இப்போது கேட்பது ஒன்றுதான், மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: எண்ணோடு அதன் அடிப்படையையும் காட்டுங்கள், மாற்றினால் தரையிலேயே சொல்லுங்கள்.

எக்ஸ்சிசோர் போன்ற திறந்த மூலச் செயலியாக இருந்தால், நிரல் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடித்து நானே திருத்தம் எழுதி அனுப்பியிருப்பேன். உங்கள் நிரலை எங்களால் திறந்து பார்க்க முடியாது. கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். எங்கள் கிளப்பில் பலர் தயாராக இருக்கிறார்கள், நானும் வருகிறேன். தரையில் உட்கார்ந்து பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எந்த மதிப்பு தங்குகிறது, எது விழுகிறது என்று எழுதித் தருகிறோம்.

அன்றைய பறப்பின் தடம் பதிவான ஐஜிசி கோப்பை உதவிப் பிரிவுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். கடைசித் தெர்மலிலிருந்து வயல்வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 560 மீட்டருக்குக் கீழே 40 நொடி நேர்கோட்டில், எந்த வயலின் பக்கமும் திரும்பாமல் ஒரு தடம் போகும். நான் உங்கள் மெனுவுக்குள் இருந்த நேரம் அது. பார்த்துவிட்டு, அடுத்த அப்டேட்டுக்கு முன் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் செயலியோடு பறக்கும் ஒரு விமானி