ரூட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன்

சிவமயம்

பள்ளத்தூர்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள சொக்குவுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு நலம். நீ நலமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. கட்டைவிரலைப் பார்த்து, பிள்ளை சாப்பிட்டானா, இளைத்துப் போனானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

வேறொன்றுமில்லை, ரூட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் வீட்டில் இருப்பது எந்த வருஷத்து ரூட்டர்? வாடகைக்கு வந்தபோதே சுவரில் மாட்டியிருந்தது என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அப்படியென்றால் பழசாகத்தான் இருக்கும். பழைய மாடலுக்குக் கம்பெனிக்காரன் ஒரு கட்டத்துக்கு மேல் அப்டேட் தருவதை நிறுத்திவிடுவானாம். அதற்கப்புறம் கண்டுபிடிக்கிற ஓட்டை எல்லாம் திறந்தே கிடக்குமாம். முதலில் அதைப் பார். உனக்கு வேலையே நெட்வொர்க். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறேன் என்று சிரிப்பாய். சிரித்தாலும் பரவாயில்லை, பார்த்துவிடு.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். பலகார வேலைக்கு வருகிற செல்வியின் மகன் முருகேசன் இப்போது அழகப்பா பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம். சாயங்காலம் அவன் அம்மாவைக் கூட்டிப்போக வருவான். அவள் மணகோலம் கிளறி முடிக்கும்வரை வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். இரண்டு கந்தரப்பம் கொடுத்தால் ஒரு மணி நேரம் சொல்வான். எனக்கும் கேட்கப் பிடிக்கிறது. நீ எட்டாவது படிக்கும்போது இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாய், நான்தான் மாவைப் பார்ப்பேன்.

ரூட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, பாஸ்வேர்டு போடாமலே போனைச் சேர்ப்பதற்கு. அதற்குள்ளே எட்டு இலக்கத்தில் ஒரு பின் நம்பரும் உண்டாம். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி ஆயிற்றே, யார் கண்டுபிடிப்பான் என்றேன். முருகேசன் தாளில் எழுதிக் காட்டினான். கடைசி இலக்கம் முதல் ஏழையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, ஆகவே ஏழுதான். அந்த ஏழையும் ரூட்டர் ஒன்றாகச் சரிபார்க்காமல், முதல் நாலு சரியா, அப்புறம் அடுத்த மூன்று சரியா என்று தனித்தனியாகச் சொல்லிவிடுகிறதாம். அவன் முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: பதினாயிரமும் ஆயிரமும், ஆக 11,000 தடவை போட்டுப் பார்த்தால் போதும். பையன் அசந்துபோனான். இதை வெளியே சொன்னது 2011 டிசம்பரில் என்றான். வட்டிக்கணக்கு மனசிலேயே போட்ட வீட்டில் வளர்ந்தவளுக்குப் பதினோராயிரம் ஒரு கணக்கா? ஆனால் பத்துக் கோடி பதினோராயிரமாகச் சுருங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பொத்தானை அணைத்துவிட்டாயா? அணைத்துவிடு.

அப்புறம் ரூட்டருக்குள் போய் எதையும் மாற்றுவதற்கான அட்மின், அட்மின். பேரும் அதுவே, பாஸ்வேர்டும் அதுவே. 2016இல் மிராய் என்று ஒரு கெட்ட புரோகிராம் கிளம்பி, இந்த மாதிரி கம்பெனிக்காரன் போட்டுத் தரும் அறுபது சொச்சம் பிறவிப் பாஸ்வேர்டுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலகம் பூராவும் கேமராவிலும் ரூட்டரிலும் நுழைந்ததாம். அக்டோபரில் ஒருநாள் அமெரிக்காவில் பெரிய பெரிய வலைத்தளங்கள் பல திறக்கவில்லையாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வெறும் அறுபது சாவி. அடுத்த வருஷம் ஜூலையில் நம் நாட்டிலேயே, அட்மின் என்பதை மாற்றாத பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின என்றும் சொன்னான்.

நம் வளவு முற்றத்தைச் சுற்றி எட்டு அறை. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு ஜோடிக்கு, ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு. அப்பச்சி தன் சொந்தத் தம்பியிடம்கூட நம் அறைச் சாவியைக் கொடுத்ததில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் வைஃபை பாஸ்வேர்டு? போன வருஷம் முகப்பில் ஷூட்டிங்குக்கு வந்தவர்கள் கேட்டார்கள், கொடுத்தேன். கூரியர் பையன் கேட்டான், கொடுத்தேன். காசிக்குப் போய்வந்த கதை சொல்ல வந்த உங்கள் சின்னத்தை பேரனுக்கும் கொடுத்தேன். 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மெயில் நவி மும்பையில் யாரோ ஓர் அமெரிக்கர் வீட்டு வைஃபையிலிருந்து போயிருந்ததாம். பூட்டாமல் வைத்திருந்தாராம். போலீஸ் முதலில் தட்டியது அவர் வீட்டுக் கதவைத்தான். உன் வீட்டுக்கு வருகிற நண்பர்களுக்குக் கெஸ்ட் என்று தனியாக ஒன்று போட்டுக் கொடு. நண்பர்கள் வருகிறார்களா? ஞாயிற்றுக்கிழமை தனியாகவே இருக்கிறாயா?

பிள்ளையார் நோன்பு வருகிறது. அங்கே சிங்கப்பூரில் டேங்க் ரோடு பக்கம் நகரத்தார் கூடி இழை எடுப்பார்களே, போய் எடுத்துக்கொள். போகாமல் இருந்துவிடாதே.

நீ இங்கே ரூட்டர் மாட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் சுவர் இரண்டடி கனம். முகப்பில் வைத்தால் இரண்டாம் கட்டுக்கு எட்டாது என்றாய். பர்மாத் தேக்கில் ஓர் ஆணிகூட அடிக்காமல் உத்தரத்தின் மேலேயே கேபிளைக் கிடத்தி, அப்பச்சி படத்துக்குக் கீழே ஒரு பெட்டி, அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி என்று வைத்தாய். கேபிள் எங்கே போகிறது என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். அப்படிப்பட்டவனை ஏழு மாதமாக ஒரு போன் செய்யவிடாமல் தடுப்பது எதுவோ. சரி, அதை விடு.

உன் ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்று. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

பிரேசில் கதையைத்தான் முருகேசன் கடைசியாகச் சொன்னான். அங்கே 2011, 12இல் 45 லட்சம் மோடம்களில் நுழைந்து, டிஎன்எஸ் என்பதை, அதாவது வலைத்தளத்தின் பெயரைச் சொன்னால் வழி காட்டுகிறதை, மட்டும் மாற்றி வைத்தார்களாம். ஊருக்குப் புதிதாக வருகிறவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னார் வீடு எங்கே என்று கேட்கிறார். கேட்கப்பட்டவன் அவரை வேறொரு வாசலில் கொண்டுபோய் விடுகிறான். நம் ஊரில் எல்லா முகப்பும் ஒன்று போலத்தானே இருக்கிறது? அதே தூண், அதே ஆத்தங்குடிக் கல். உள்ளே போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அப்படித்தான் பேங்க் பெயரைச் சரியாக அடித்தவர்கள் திருடனுடைய பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். கம்ப்யூட்டரில் வைரஸே இல்லை, கோளாறு ரூட்டரில்.

சித்திரையில் எனக்கு நடந்ததும் அதுதான். பேங்க் முகவரியை நானேதான் அடித்தேன். சிவப்பாக ஒரு முக்கோணம் வந்து எச்சரித்தது. வேலை நெருக்கத்தில் அட்வான்ஸ்டு என்று இருந்ததை அழுத்தினேன். கீழே தெரிந்ததையும் அழுத்தி உள்ளே போனேன். ஓடிபி கேட்டது, கொடுத்தேன். 1,86,000 ரூபாய். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்திருக்க வேண்டும். வெட்கத்தில் மறுநாள் சாயங்காலம்தான் செய்தேன். 41,000 மட்டும் பிடித்து நிறுத்தினார்கள்.

அன்றைக்கு ராத்திரி போனில் உன்னிடம் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்தில் உன் அத்தையும் அண்ணமிண்டியும் இருந்தார்கள். ஊரார் நெட்வொர்க்கைக் காக்கிறானாம், பெத்தவள் வீட்டைப் பூட்டத் தெரியவில்லை என்றேன். அப்பச்சி இருந்திருந்தால் இந்தப் பெட்டியை உன்னிடம் விட்டிருக்கவே மாட்டார் என்றும் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. சரி ஆத்தா என்று வைத்துவிட்டாய்.

சொக்கு, நீ பூட்டித்தான் வைத்திருந்தாய்.

பங்குனியில் தேவகோட்டைக் கல்யாணத்துக்குப் பலகார ஆர்டர். பார்சல் கட்டியாகிவிட்டது, லேபிள் எடுக்க நெட் இல்லை. உனக்கு மூன்று தடவை போன் போட்டேன், மீட்டிங்கில் இருந்தாய், எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபம் பெட்டி மேல் போயிற்று. பின்னால் ஒரு சின்ன ஓட்டை, அதன் மேல் நீ சீட்டு ஒட்டியிருந்தாய்: "ஆத்தா, இதைத் தொட வேண்டாம். சுவிட்சை அணைத்துப் போட்டால் போதும்." உன் கையெழுத்தை நகத்தால் பிய்த்துவிட்டு, கொண்டை ஊசியை நிமிர்த்தி உள்ளே விட்டு, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. வைஃபை பேர் மாறியிருந்தது. பெட்டிக்கு அடியில் அச்சடித்திருந்த பாஸ்வேர்டைப் போட்டால் வேலை செய்தது. சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருட்டுப் போனதும் பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். ஆவணியில் முருகேசன் மறுபடி மாட்டிப் பார்த்தான். நீ போட்டது ஒன்றுகூட இல்லை. அட்மின், அட்மின். வெளியிலிருந்து உள்ளே வந்து மாற்றுகிற வசதி திறந்தே கிடந்தது. டிஎன்எஸ் இருக்கிற இடத்தில் எந்த ஊர் என்றே தெரியாத இரண்டு நம்பர். "ஆச்சி, இதை யாரோ ரீசெட் செய்திருக்கிறார்களே, யார்?" என்று கேட்டான். தெரியாதப்பா என்றேன். செல்வி அப்போது என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், ஊசியை நிமிர்த்தும்போது பக்கத்தில்தான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அந்த ராத்திரியே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசியும் போயிற்று. நீ கட்டைவிரல் அனுப்புகிறாய், நான் பூப்படம் அனுப்புகிறேன். 2018இல் இப்படித்தான் ஐந்து லட்சம் ரூட்டரில் ஏதோ புகுந்தபோது, அமெரிக்கப் போலீசே எல்லாரையும் அணைத்துப் போடச் சொன்னதாம். முருகேசன் அதைச் சொன்னபோது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதைத்தானே நீ சீட்டில் எழுதியிருந்தாய்.

அத்தையிடமும் அண்ணமிண்டியிடமும் நேற்று சொல்லிவிட்டேன், பெட்டியைக் கெடுத்தது நான்தான் என்று. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, காபி கேட்டாள். அந்தச் சீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது, கொஞ்சம் மஞ்சள் பட்டுவிட்டது.

பார்சலில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வைத்திருக்கிறேன். மாவுருண்டையை முதலில் சாப்பிடு, அழுத்திப் பிடிக்கவில்லை, உடைந்துவிடும். வீட்டு ரூட்டருக்கு முருகேசன் புது பாஸ்வேர்டு போட்டுவிட்டான், நீளமாக. பொங்கலுக்கு வந்தால் உனக்கும் வேண்டும். அதைக் காகிதத்திலும் எழுதக் கூடாது, வாட்ஸ்அப்பிலும் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். போன் செய்தால் வாயால் சொல்கிறேன். இங்கே ஏழு மணி, உனக்கு ஒன்பதரை. அந்த நேரத்துக்கு அடுப்பெல்லாம் அணைத்துவிடுவேன்.

ஆத்தா