முல்லை நகர் மைதானத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு ஒரு தாயின் நன்றி மடல்

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துப் பயிற்சியாளர் அண்ணன்களுக்கும், எங்கள் வாரியக் குடியிருப்பின் அக்கம்பக்கத்தாருக்கும், அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவிலும் பிசியோதெரபி பிரிவிலும் பணியாற்றுகிறவர்களுக்கும், நான் தைக்கும் யூனிட்டின் தோழிகளுக்கும், நேரு ஸ்டேடியத்தில் பல ஆண்டுகளாக என்னோடு தொண்டை வறளக் கத்திய நண்பர்களுக்கும் வணக்கம்.

என் மகள் மீண்டும் கால்பந்து ஜெர்சி அணிந்துவிட்டாள். பிற்பாதியின் கடைசிப் பகுதியில் மாற்று ஆட்டக்காரியாக இறங்கி, வலது விங்கில் ஓடி, ஒரு கார்னரும் எடுத்தாள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அன்று வேலியோரம் நின்றவர்களில் எத்தனை பேர் காயம்பட்ட அவளுடைய இடது காலுக்காக உழைத்தவர்கள் என்று எண்ணிப் பார்த்தபோது, ஆளுக்கு ஒரு வார்த்தை வாயால் சொன்னால் போதாது, எழுதியே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஒரு பெயரும் எழுதவில்லை. செய்ததைச் சொன்னாலே செய்தவர் யாரென்று நம் தெருவுக்குத் தெரியும்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டியில், யாரும் இடிக்காமல், யாரும் காலைத் தட்டாமல், பந்தை வெட்டித் திரும்பிய ஒரு நொடியில் அவளுடைய முழங்கால் மடங்கியது. ஸ்கேன் எடுத்தபோது, முழங்காலுக்குள் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் (தசைநாண் போன்ற பட்டை) முழுவதும் அறுந்திருந்தது. கால்பந்து பார்க்கிற எவருக்கும் அந்த மூன்றெழுத்து தெரியும். ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அந்தக் காயம் வரும் வாய்ப்பு குறைந்தது இரண்டு மடங்கு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் இப்படித் தனியாகத் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும்தான் கிழிகிறது. காயத்தைவிட அறுவை சிகிச்சை என்ற பேச்சே எங்கள் வீட்டை அதிகம் அச்சுறுத்தியது. 2022 நவம்பரில் இதே வியாசர்பாடியைச் சேர்ந்த இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர், முழங்கால் லிகமென்ட் அறுவைக்குப் பிறகு காலை இழந்து, சில நாட்களில் உயிரையும் இழந்தார். மருத்துவக் கவனக்குறைவு என்று அரசே ஏற்றுக்கொண்ட மரணம் அது. அந்தப் பிள்ளையோடு பந்தாடியவர்கள் இன்றும் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். ஆகவே, "ஆட்டமும் வேண்டாம், ஆப்பரேஷனும் வேண்டாம், நடந்தால் போதும்" என்று என் மாமியார் அழுதபோது மறுத்துப் பேச என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

அந்த நிலையில் எங்கள் வீட்டுப் படியேறி வந்த பயிற்சியாளர் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இதே அறுவையைச் செய்துகொண்டு மீண்டும் ஆடிய இரண்டு பெண்களை உடன் அழைத்து வந்திருந்தார். அவர்களில் ஒருவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போய்விட்டவர். இருவரும் முழங்காலில் உள்ள தழும்பை மகளின் ஆயாவிடம், அதாவது என் மாமியாரிடம், காட்டினார்கள். பிறகு எங்கள் பிளாக்கின் படிக்கட்டில் கீழே இறங்கி மேலே ஓடி வந்து காட்டினார்கள். தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்திருந்த ஆயா, "எப்போது போக வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். மாமியாருக்கும் இந்த மடலில் நான் நன்றி சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று முன்பு ஓயாமல் கேட்டவர் அவர். சம்மதித்த பிறகு ஒரு நாளும் சலித்துக்கொள்ளாமல், முட்டையும் சுண்டலும் வேகவைத்து, மருந்து வேளையையும் பயிற்சி வேளையையும் எங்கள் அனைவரையும்விடச் சரியாக நினைவில் வைத்திருந்தவரும் அவர்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் அறுவைக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை. தொடையின் பின்புறத்துத் தசைநாரிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அறுந்த இடத்தில் புதிய லிகமென்டாகப் பொருத்துவார்கள் என்பதை ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கிய மருத்துவரையும், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டபோதும் முகம் சுளிக்காத அவருடைய பொறுமையையும் நாங்கள் மறக்க மாட்டோம். அறுவை முடிந்த அன்றிரவு வார்டில் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கு நான் பட்ட கடன் பெரிது. எங்கள் பயம் எதைப் பற்றியது என்று சொல்லாமலே அவர் அறிந்திருந்தார். இரவு முழுவதும் திரும்பத் திரும்ப வந்து, மகளின் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்துவிட்டு, வெளுத்த நகம் உடனே சிவக்கிறதா என்று பார்த்தார். விரல்களை அசைக்கச் சொன்னார். பாதம் சூடாக இருக்கிறதா என்று என் கையையும் எடுத்து வைத்துப் பார்க்கச் செய்தார். விடியும் முன்பு நானே அழுத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அரசு மருத்துவமனையைப் பற்றி எங்கள் பகுதியில் பேசப்படுவதில் அந்த இரவும் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

வீடு திரும்பியபோதுதான் எங்கள் குடியிருப்பின் உண்மையான இடர் தெரிந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்காலை மடக்கிக் குந்தவே முடியாத பிள்ளைக்கு இந்திய முறைக் கழிப்பறை. கீழ்த்தளத்து அக்கா தன் முன்னறையைக் காலி செய்து, "கால் ஊன்றும்வரை இங்கேயே இருக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்தார். பிளம்பிங் வேலை செய்யும் தம்பி, கழிப்பறையில் வைத்துக்கொள்ளும் கமோடு நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, அதன் கால்கள் வழுக்காமல் இருக்க ரப்பர் மாட்டித் தந்தார். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் மீட்டரும் போடாமல் காத்திருப்புக் காசும் கேட்காமல் வந்த ஆட்டோ பாய், மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற நாளிலும் சுற்றுவழியில் குலுங்காமல் ஓட்டிச் சென்று நேரத்துக்குச் சேர்த்தார். யூனிட்டில் என்னோடு தைக்கிற பெண்கள், நான் விடுப்பு எடுத்த நாட்களில் என் பங்கு உருப்படிகளையும் பிரித்துத் தைத்து, அந்தப் பீஸ் ரேட் கூலியை என் கணக்கிலேயே எழுதச் சொன்னார்கள். கூலி வேலை செய்கிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏ.சி.எல். அறுவை என்பது பாதி வேலைதான். மீதியை நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் தங்கை முதல் நாளே சொல்லிவிட்டார். குதிகாலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைத் தரையை நோக்கி அழுத்தி, முழுவதும் நீட்ட வைப்பதே முதல் வாரங்களின் பெரும்பாடு. அழுத்திய ஒவ்வொரு முறையும் என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவாள். தொடைத் தசை கண்ணெதிரே மெலிந்தது. முழங்கால் சில்லுக்கு மேலே குறிப்பிட்ட உயரத்தில் இரண்டு தொடைகளையும் அளந்து எழுதி வரச் சொன்னார்கள். துணி அளக்கும் என் இன்ச் டேப்பாலேயே வாரந்தோறும் அளந்தேன். இடது தொடைக்கும் வலது தொடைக்கும் இருந்த வித்தியாசம் நூல் நூலாகக் குறைந்ததைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அவள் ஓடவே தொடங்கிவிட்டாள். அப்போதே ஆடவிட்டிருந்தால் மீண்டும் கிழிந்திருக்கலாம். ஒன்பது மாதம் முடிவதற்குள் போட்டி ஆட்டம் கூடாது என்பதில் அந்தத் தங்கை காட்டிய உறுதியும், முக்கியமான டோர்னமென்ட் இருந்தும் அவளைக் களத்தில் இறக்காத பயிற்சியாளர்களின் நேர்மையும் எளிதானவை அல்ல. இப்போது எங்கள் மைதானத்தில் எல்லாப் பெண் பிள்ளைகளும் ஃபிஃபா லெவன் பிளஸ் என்ற இருபது நிமிட வார்ம் அப் பயிற்சியைச் செய்த பிறகே பந்தைத் தொடுகிறார்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே வளையாமல் இருக்க அது பழக்குகிறது.

ஸ்டேடியத்து நண்பர்களே, உங்களைப் பற்றி எழுதாமல் இந்த மடல் நிறையாது. 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் நம் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் கோல் அடித்தபோது, மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உங்களோடுதான் நான் கத்தினேன். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்திய ஈஸ்ட் பெங்கால் கோலை நந்தகுமார் சேகர் அடித்தபோதும், அது கொல்கத்தாவின் டெர்பி, அந்த ஊரின் இரண்டு அணிகளின் மோதல் என்றாலும், நம் தெருவின் கோலாகவே கொண்டாடினோம். மகள் படுத்திருந்த நாட்களில் நீங்கள் ஞாயிறுதோறும் வந்து, கைப்பேசியில் ஆட்டங்களைப் போட்டுக் காட்டி, ஸ்பெயினின் அலெக்சியா புட்டயாஸ் 2022 ஜூலையில் இதே காயத்தால் யூரோ கோப்பையில் ஆட முடியாமல் போனவர், மறு ஆண்டே உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார் என்று சொல்லிச் சொல்லி அவள் மனத்தில் பதிய வைத்தீர்கள். 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டு, அடுத்த மாதம் நம் சென்னையின் எஃப்.சி. அணியும் தன் செயல்பாடுகளை நிறுத்தியபோது உங்கள் மனம் எவ்வளவு உடைந்திருந்தது என்பதை நான் அறிவேன். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் வணிகப் பங்காளிக்கும் இடையே 15 ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட்டதற்கு, ஆடிப் பிழைக்கிற பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் என்பதே என் கருத்து. அந்த வருத்தத்திலும் நீங்கள் இங்கே வருவதை நிறுத்தவில்லை.

இன்னொரு நன்றி, முகம் தெரியாத பலருக்கு. மகள் காலை நீட்டிப் படுத்திருந்த 2025 ஜனவரிக் கடைசியில்தான், மாநகராட்சியின் 9 கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுகிற ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கும் தீர்மானம் வந்தது. வியாசர்பாடி மைதானமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு வாரம் 1,440 ரூபாய் ஆகும். எங்கள் தெருவில் எந்த வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளையும் பிறகு பந்தைத் தொட்டிருக்க முடியாது. என் மகள் நடக்கப் பழகியிருந்தாலும் ஓடுவதற்கு இடம் இருந்திருக்காது. எதிர்த்துப் பேசிய ஆட்டக்காரர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும், மக்கள் குரலைக் கேட்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்ற மாநகராட்சிக்கும் மனமார்ந்த நன்றி. கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025 மே மாதம் கைகோத்து நின்றவர்களையும் இதே வரிசையில் வைத்து வணங்குகிறேன். குப்பைமேடு புகைகிற மாலைகளில் பிள்ளைகளை ஓடவிடாமல் உட்கார வைக்கும் பயிற்சியாளர்களுக்கு அந்தப் போராட்டத்தின் அருமை தெரியும்.

நன்றி சொல்கிற இடத்தில் கோரிக்கை வைப்பது முறையா என்று யோசித்தேன்; ஆனாலும் அதிகாரத்தில் இருக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும். மாநகராட்சி மைதானங்கள் ஒவ்வொன்றிலும் பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறையும், பூட்டிக் கிடக்காத கழிப்பறையும், வாரத்தில் இரண்டு மாலையாவது வந்து போகும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் வேண்டும். பிள்ளைகளில் பலர் மைதானத்தில் தண்ணீரே குடிக்காமல் ஆடுகிறார்கள் என்பதையும், அதன் காரணத்தையும் தாய்மார்கள் அறிவோம்.

மகளின் ஊன்றுகோல்கள், முழங்கால் பிரேஸ், ஐஸ் பைகள், ரப்பர் மாட்டிய கமோடு நாற்காலி ஆகியவற்றைக் கழுவித் துடைத்துக் கீழ்த்தளத்து அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். பிசியோதெரபிப் பயிற்சிகளை வாரவாரியாக எழுதிய நோட்டின் நகலும் அங்கேயே இருக்கிறது. முழங்கால் அறுவை செய்துகொண்ட எந்த ஆட்டக்காரருக்கும், ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும், எந்த அணியைச் சேர்ந்தவரானாலும் அவை உரியவை. பயிற்சியாளர் அண்ணனிடம் சொல்லிவிட்டு எடுத்துச் செல்லுங்கள்; தேவை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். தொடையை அளந்து எழுத ஆள் வேண்டுமானால், யூனிட் முடிந்து மாலை ஏழு மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

என்றும் நன்றியுடன்,
வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்