ஒலியும் ஒளியும்: முருகேசனுக்குப் பதில்

சென்னை,
6.9.2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது பார்வை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது. இங்கே நாங்கள் நலம். சின்னவனுக்கு ஓசூருக்கு மாற்றல் ஆகிவிட்டது, வாரக் கடைசியில் வந்து போகிறான். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், புதிதாக யாரும் இன்னும் வரவில்லை.

அப்புறம், நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பிரிட்டனில் பிபிசி ஃபோர் தொலைக்காட்சியில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பாட்டு நிகழ்ச்சியின் பழைய பகுதிகளைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், பேத்தியோடு உட்கார்ந்து பார்க்கிறேன், நம் தூர்தர்ஷன் ஏன் அதே மாதிரி 'ஒலியும் ஒளியும்' சினிமாப் பாட்டு நிகழ்ச்சியைத் திரும்பப் போடக் கூடாது என்று கேட்டிருந்தாய். சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன ஆகஸ்ட் 15 அன்று 50 வயது நிறைந்ததிலிருந்து எனக்கும் மனதில் ஓடுவது இதுதான்.

முதலில் ஒன்றைக் கவனி. நீ அங்கே பார்ப்பது பிபிசி தானே எடுத்த நிகழ்ச்சி. 1964 ஜனவரி 1ஆம் தேதி, மான்செஸ்டரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை ஸ்டூடியோவாக மாற்றித் தொடங்கினார்கள். அந்த வாரம் எந்த இசைத்தட்டு அதிகம் விற்றதோ அந்தப் பாடகர் நேரில் வந்து நிற்பார். பெரும்பாலும் வாயசைப்புதான், ஆனாலும் ஆள் அவரேதான். சுற்றிலும் இளவட்டங்கள் ஆடுவார்கள். கடைசியாக முதலிடத்துப் பாட்டு. 2006 ஜூலை வரை வாராவாரம் அப்படியே நடந்தது. அதைத் திரும்பப் போட்டால் அந்தக் காலத்து உடை, தலைமுடி, ஆட்டம் எல்லாம் திரும்ப வருகிறது.

நம்முடையது வேறு. நாலைந்து படங்களிலிருந்து பாட்டுக் காட்சிகளை வெட்டி, வரிசையாக ஒட்டி, அரை மணி நேரத்துக்கு ஒளிபரப்பினார்கள். ஒவ்வொரு பாட்டும் இன்று கைப்பேசியில் கிடைக்கிறது. 'ஒலியும் ஒளியும்' என்று தனியாக எடுத்துவைக்க அதில் இருந்தது அந்த வரிசை ஒன்றுதான். எந்த வெள்ளிக்கிழமை எந்தப் பாட்டு, எதற்குப் பின் எது, யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் அந்த நிகழ்ச்சி. நான் பத்திரமாக வைக்க வேண்டும் என்று சொல்வதும் அதைத்தான்.

வாரத்துக்கு அரை மணி நேரம் என்ற அந்தக் கஞ்சத்தனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறாயா? அதற்கு வானொலிக் காலத்துக்குப் போக வேண்டும். 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது, வானொலி சாஸ்திரிய இசையை வளர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் நேரத்தைச் சுருக்கினார்கள். படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும், பாடகர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு பாட்டுகளைக் கொடுக்க மறுத்தார்கள். ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளை நகர்த்தி இலங்கை வானொலிக்குப் போனார்கள். வடக்கே அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சி 'பினாக்கா கீத்மாலா', நமக்குத் தமிழ் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத். கடைசியில் 1957 அக்டோபர் 3ஆம் தேதி 'விவித பாரதி' தொடங்கி, விட்ட நேயர்களைத் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று.

1959 செப்டம்பர் 15இல் டில்லியில் சோதனையாக ஆரம்பித்த தொலைக்காட்சி, அந்த வானொலியின் ஒரு கிளையாகத்தான் இருந்தது. 1976இல்தான் தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது. பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. விவசாயம், கல்வி, செய்தி, நாட்டியம், கச்சேரி இவைதான் அரசாங்கத் தொலைக்காட்சியின் வேலை. சினிமாப் பாட்டு கொஞ்சம் போலப் போடலாம், பெரிதாகக் கொண்டாட வேண்டாம் என்ற எண்ணம். டில்லிக்கு இந்திப் பாட்டு நிகழ்ச்சி 'சித்ரஹார்', நமக்கு 'ஒலியும் ஒளியும்', ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். அவ்வளவுதான். 'வயலும் வாழ்வும்' என்ற விவசாய நிகழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது செய்த காரியம் பெரியது. ஆனால் ஊரில் கடன் வாங்கியாவது டி.வி. பெட்டி வாங்க வைத்தது வெள்ளிக்கிழமைப் பாட்டும் ஞாயிற்றுக்கிழமைப் படமும்தான். 1976இல் விளம்பரம் வாங்க ஆரம்பித்த பிறகு, பாட்டு வருவதற்கு முன்னால் வரிசை கட்டி நின்ற சோப்பு, பற்பசை விளம்பரங்களை நினைத்துப் பார். தூர்தர்ஷன் தயங்கித் தயங்கி இடம் கொடுத்த அந்தப் பாட்டுதான் அதற்குச் சம்பாதித்தும் கொடுத்தது.

எங்கள் தெருவில் முதலில் பெட்டி வந்தது தலைமை ஆசிரியர் வீட்டில். கறுப்பு வெள்ளை சாலிடேர். முன்பக்கம் இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரக் கதவு, அதற்குப் பூட்டு, சாவி மாமியின் இடுப்பில். பக்கத்தில் ஸ்டெபிலைசர், மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் போடும். திரைக்கு முன்னால் நிறம் பூசிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு மாதிரி ஒன்று, கீழே பச்சை. கிட்டக்காட்சியில் கதாநாயகியின் நெற்றி நீலமாகவும் தாடை பச்சையாகவும் தெரியும். நாங்கள் அதைத்தான் கலர் என்று நம்பிப் பார்த்தோம்! பாட்டு நடுவில் நின்று 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை வந்தால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் 'ச்சே' என்பார்கள். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபோது துக்க நாட்களில் பாட்டே கிடையாது, வெறும் வாத்திய இசைதான்.

அந்தக் கூடத்தில் நான் கண்டதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். முதல் பாட்டு பெரும்பாலும் பழையது. அப்போது பாட்டிகள் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வருவார்கள். கடைசிப் பாட்டு அப்போதுதான் வந்த படத்துடையதாக இருக்கும், அதற்காகவே பையன்கள் காத்திருப்பார்கள். நடுவில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கே.வி. மகாதேவன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி, இளையராஜா எல்லோரையும் ஒரே அரை மணி நேரத்தில் கேட்டேயாக வேண்டும். நான் பிறப்பதற்கு முன் வந்த பாட்டெல்லாம் மனப்பாடமானது அப்படித்தான். என் பேரன் நல்ல ரசிகன், நிறையக் கேட்கிறான். அவனுக்குப் பிடித்ததைப் போலவே அடுத்ததையும் கைப்பேசி எடுத்துக் கொடுக்கிறது. பிடிக்காத ஒரு பாட்டைப் பொறுமையாக முழுவதும் கேட்டு, மூன்றாவது சரணத்தில் அது பிடித்துப்போகிற வாய்ப்பு அவனுக்குக் கிடைப்பதில்லை. இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நீ பார்க்கிற பிபிசி நிகழ்ச்சியில் பாடியவர் திரையில் நின்றார். நம் நிகழ்ச்சியில் டி.எம். சௌந்தரராஜனின் குரலுக்கு சிவாஜியின் முகம், எம்.ஜி.ஆரின் முகம். ஜானகி அம்மாவின் குரல் வாராவாரம் வீட்டுக்குள் வந்தது, அவர் எப்படி இருப்பார் என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேஸ்கர் காலத்து வானொலி பாடகரைச் சொல்லிப் படத்தை மறைத்தது என்றால், தொலைக்காட்சியில் நடிகர் முகம் தெரிந்து பாடகர் மறைந்துபோனார். அந்தக் கலைஞர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து, பாட வைத்து, பேச வைத்து நிறையப் பதிவு செய்திருக்க வேண்டிய காலம் அது. ஒரு தேசியத் தொலைக்காட்சிக்கு அதைவிட நல்ல வேலை என்ன இருந்திருக்க முடியும்?

உன் சொந்த ஊர்க் கதை இதில் தனி அத்தியாயம். சென்னைக் கோபுரத்தின் வீச்சு உங்கள் திருச்செந்தூர் வரை எட்டவில்லை. 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. அடுத்த ஆண்டு ஊருக்கு ஊர் சின்னச் சின்ன ஒளிபரப்பிகளை வைத்தார்கள், அவை செயற்கைக்கோள் வழியாக டில்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே அனுப்பின. அதனால் தமிழ்நாட்டிலேயே பல ஊர்களில் டி.வி. வந்தும் தமிழ்ப் பாட்டு வரவில்லை. 'சித்ரமாலா'வில் பல மொழிப் பாட்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு வருமா என்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே உங்களுக்குக் கடல் தாண்டி இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி கிடைத்துவிட்டது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய நிலையம்; அவர்கள் ஒளிபரப்பிக் கோபுரத்தை பிதுருதலாகல மலை உச்சியில் வைத்ததால் உங்கள் கரைக்குப் படம் தெளிவாக விழுந்தது. டில்லியைவிடக் கொழும்பு பக்கம் என்று விடுதியில் நீ சொன்னபோது நாங்கள் யாரும் நம்பவில்லை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. வந்தது. அதன் பிறகு நாள் முழுக்கப் பாட்டு. ஏ.வி. ரமணனின் 'சப்தஸ்வரங்கள்' வந்தது, அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியிலிருந்து திரைக்கு வந்தது. முகம் தெரியாத பாடகர்கள் முகத்தோடு வந்தது அந்தச் சமயத்தில்தான், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். தூர்தர்ஷனின் சென்னை அலைவரிசை 'பொதிகை' ஆகி, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆகியிருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு என் பதில். பிபிசிகூட அறுபதுகளில் எடுத்த 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நாடாக்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டுப் பின்னால் வருந்தியது. நீ பார்க்கிற மறு ஒளிபரப்பை 1976 நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கினார்கள். நாம் அந்த அளவுக்குக்கூட எதிர்பார்க்க வேண்டாம். எனக்குப் பட்டியல் போதும். சுவாமி சிவானந்தா சாலை அலுவலகத்தில் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள், தொகுத்தவர்கள் ஓய்வு பெற்று இதே ஊரில்தான் இருப்பார்கள். எந்தப் பாட்டுக்கு அனுமதி வாங்க அலைந்தோம், எதை வெட்டச் சொன்னார்கள், நேயர் கடித நிகழ்ச்சியான 'எதிரொலி'க்கு வந்த கடிதங்களில் என்ன திட்டினார்கள் என்று அவர்கள் சொல்லி யாராவது எழுதிவைக்க வேண்டும். அவர்களுக்கும் நம் வயது, சிலருக்கு நம்மைவிட அதிகம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், அவர் பழைய சகாக்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டி வருவதாகச் சொன்னார். நான் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன், நோட்டுப் புத்தகமும் வாங்கிவிட்டேன்.

நீயும் சும்மா இருக்காதே. ரூபவாஹினியில் என்ன பாட்டு நிகழ்ச்சி வந்தது, தமிழில் எது, சிங்களத்தில் எது, உங்கள் தெருவில் ஆன்டெனாவை எவ்வளவு உயரக் கம்பத்தில் கட்டினீர்கள், உங்களுக்கு 'ஒலியும் ஒளியும்' முதலில் கிடைத்தது எப்போது, எல்லாவற்றையும் உன் அண்ணனிடமும் கேட்டு எழுதி அனுப்பு. கையெழுத்தில் அனுப்பினாலும் பரவாயில்லை, படித்துக்கொள்வேன். மார்கழியில் வருவதாக இருந்தால் இப்போதே சொல், மாடி வீடு காலியாகத்தான் இருக்கிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சுந்தரம்