அக்காவுக்கு, வியன்னால இருந்து

அக்கா,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா. இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு, நாலரைக்கெல்லாம் இருட்டிருது. கிச்சன் வேலை அப்படியேதான் போகுது, பாத்திரம் கழுவுற மெஷின் இரைச்சல் ரூமுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள்ளயே நிக்குது.

மருமகன் டிவி பாட்டுப் போட்டி, வீடியோன்னு அலையுறான், காலைல பாட்டு சாதகமே பண்றதில்லன்னு நீ போன்ல அழுததுல இருந்து அதே நெனப்பு. லீவுக்கு ஹைலிகன்ஸ்டாட்ங்குற இடத்துக்குப் போனேன், மெட்ரோல கடைசி ஸ்டேஷன். அங்க பீத்தோவன்ங்குற பெரிய இசையமைப்பாளர் இருந்ததா சொல்ற வீட்ட மியூசியமா வச்சிருக்காங்க. காது கேக்காமப் போயிட்டே இருந்ததால டாக்டர் பேச்சக் கேட்டு 1802ல அமைதி வேணும்னு வந்து தங்குனாராம், அப்ப அது கிராமம். அங்க இருந்து தம்பிங்க ரெண்டு பேருக்கும் ஒரு லெட்டர் எழுதிருக்காரு, அனுப்பவே இல்ல, 1827ல செத்தப்புறம்தான் வெளிய வந்துச்சு. பக்கத்துல நின்னவனுக்கு தூரத்துல புல்லாங்குழல் கேக்குது எனக்கு ஒண்ணும் கேக்கல, உசுர விட்றலாம்னு இருந்தேன், இசைதான் பிடிச்சு நிறுத்துச்சுன்னு எழுதிருக்காரு. அப்ப 31 வயசுதான்க்கா.

அந்த வயசுலயே ஊரெல்லாம் நல்ல பேரு. இசைக்காரனுக்கே காது கேக்கலன்னு யார்ட்டயும் சொல்ல முடியல, சத்தமாப் பேசுங்கன்னு எப்படிக் கேப்பேன்னு ஆளுங்களயே ஒதுக்கி தனியாக் கெடந்திருக்காரு. 1824ல பெரிய வாத்தியக் குழுவுக்குன்னு அவர் எழுதுன ஒன்பதாவது சிம்பொனிய முதல் தடவ வாசிச்சப்ப ஜனங்க கைதட்டுறது காதுல விழாம முதுகக் காட்டி நின்னாராம், பாட வந்த பொண்ணுதான் திருப்பிக் காட்டிருக்கு. எனக்கு தொண்டைய அடைச்சிருச்சு, வாசல் பக்கம் போய் கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் வந்தேன்.

அவன் இப்படிக் கஷ்டப்படணும்னு நான் சொல்லல, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பெருமை வேணாம். ஆனா கைதட்டல் இல்லாத நாள்லயும் பாடுவானான்னு அவனுக்கே தெரியணும்ல. நீ திட்டாத, திட்டுனா வீம்புக்குப் பண்ணுவான். ஒரே ஒரு நாள் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பாடுனத போன்ல ரெக்கார்டு பண்ணி மாமாவுக்கு மட்டும் அனுப்பச் சொல்லு, வேற எங்கயும் போட வேணாம், இங்க அது நடுராத்திரி, வேலை முடிஞ்சு நடந்து வரும்போது கேட்டுக்கிறேன்.

உன் தம்பி