வண்டை இடம் மாற்றும் முன்

ஆசிரியருக்கு,

அருகிவரும் மரப்பொந்து வண்டுகளை வேறு காட்டில் விடும் முன் மரபணுச் சோதனை அவசியம். அதற்காக வண்டைக் கொல்ல வேண்டாம். நடுக்காலின் நுனிக்கணு போதும். உடனே 95 சதவீத எத்தனாலில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். ஃபார்மலின் கூடவே கூடாது, டிஎன்ஏ சிதையும்.

பெரும்பாலும் சறுக்குவது மாதிரி எடுப்பதில்தான். ஒரே பொந்தில் 25 வண்டு பிடித்தால் பலவும் உடன்பிறப்புகளாக இருக்கலாம்; காடு முழுக்க நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவதாகக் கணக்கு தப்பும். பல மரங்களில், மரத்துக்கு ஒன்றிரண்டு எடுப்பதே சரி.

ஐரோப்பாவின் மரப்பொந்து வண்டான ஆஸ்மோடெர்மா எரெமிட்டாவை ஒரே இனமாகத்தான் நெடுங்காலம் எண்ணினார்கள். மேற்கிலும் கிழக்கிலும் இருப்பவை வெவ்வேறு இனங்கள் என்பதை டிஎன்ஏ காட்டியது. தெரியாமல் கலந்திருந்தால், பிரிக்க வழியேது?

– பூச்சியியல் ஆர்வலர்