செயலாளரின் ஆண்டறிக்கை: கோயம்புத்தூரில் கண்டதும் எங்கள் பட்டறைகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், யாழ்ப்பாணத்தில் பட்டறை நடத்தும் சக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆயுத பூசையை வழமைபோல எல்லோரும் சேர்ந்து செய்தோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

இந்த ஆண்டு எங்கள் பேச்சை நிறைத்தது கோயம்புத்தூர்தான். உறுப்பினர் சிலர் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் போய், கணபதி, பீளமேடு, குறிச்சிப் பக்கத்துப் பட்டறைகளைப் பார்த்து வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த செய்திகளை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஊரில் 1888இல் முதல் நூற்பாலை வந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப்பாகம் தேவை, கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளுக்கோ பம்பு தேவை. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் அங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு உலகப் போர் வந்து இறக்குமதி தடைப்பட, உள்ளூர்ப் பட்டறைகளுக்கு வேலை குவிந்தது.

எங்களுக்கும் கிணறு இருந்தது, தோட்டம் இருந்தது. துலா மிதித்து இறைத்த காலம் போய் வாட்டர் பம் வந்தபோது அதை வெளிநாட்டிலிருந்து வாங்கினோம், பழுதானால் திருத்தினோம். மிக நன்றாகவே திருத்தினோம். கோயம்புத்தூர்க்காரரோ பம்பையே செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கு எங்கள் தோட்டங்களில் கோயம்புத்தூர் மோட்டரும் ஓடுகிறது.

கைத்திறன் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பணமாகின, சிறு கைத்தொழில்களும் தழைத்தன. 1977க்குப் பின் சந்தை திறந்தது, அடுத்து யுத்தம் வந்தது. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட ஊர் இது. அந்தக் கெட்டித்தனத்தை நேரில் பார்த்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். ஆனால் வெளிச்சந்தைக்குப் பாதை இல்லாமல், மூலப்பொருள் இல்லாமல், கெட்டித்தனம் மட்டும் ஒரு தொழிலை வளர்க்காது. அழிந்து கிடந்த அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையே 2014இல்தான் இந்திய உதவியோடு மீண்டும் திறந்தது.

சரி, போனவர்களை அங்கே அதிகம் யோசிக்க வைத்தது எது? ஒரு பம்பை ஒரே பட்டறை முழுதாகச் செய்வது அங்கே குறைவு. வார்ப்பு ஓரிடம், தண்டைக் கடைவது இன்னோரிடம், மோட்டருக்குக் காயில் என்ற கம்பிச்சுருள் சுற்றுவது வேறோரிடம், கடைசியில் பூட்டிச் சோதிப்பது மற்றோரிடம். லேத் என்ற கடைசல் மெசின் ஒன்றே ஒன்று வைத்திருப்பவர்கூட ஒப்பந்த வேலை எடுத்துக் குடும்பம் நடத்துகிறார். இங்கே ஒவ்வொருவரும் லேத், வெல்டிங், துளை மெசின் எல்லாவற்றையும் கடன்பட்டு வாங்கி வைக்கிறோம். அதில் பாதி மெசின் கிழமைக் கணக்கில் சும்மா நிற்கிறது, வட்டி மட்டும் நிற்பதில்லை. பக்கத்துப் பட்டறைக்கு வேலை கொடுத்தால் வாடிக்கையாளரும் அங்கே போய்விடுவார் என்ற பயம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. எங்களைப் பின்னுக்கு இழுப்பதில் முதலீட்டுக் குறைவைவிட இந்தப் பயமே பெரியது என்பது என் கருத்து.

அவர்களும் தனித்தனியாக நின்று வளரவில்லை. சிறுதொழில் சங்கமான கொடிசியா 1969இல் தொடங்கியது. பம்புகளைச் சோதித்துச் சான்று தர சிட்டார்க் என்ற பொது ஆய்வுகூடம் இருக்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதற்காக அங்கே கஷ்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மின்சார நிலைக்கட்டணம் தாங்காமல் 2023 செப்டெம்பரில் தமிழ்நாட்டுச் சிறுதொழில்கள் கதவடைப்பே செய்தன. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் இலங்கையில் மின்கட்டணம் எகிறியதைப் பார்த்த எங்களுக்கு அந்த வலி விளங்கும்.

இதையெல்லாம் கேட்டபின் நாங்களும் ஒன்று செய்து பார்த்தோம். ஒடியல் என்ற காய்ந்த பனங்கிழங்கை மாவாக அரைக்கும் மெசின் ஒன்றை உறுப்பினர் பட்டறைகள் பங்குபோட்டுச் செய்தன. மெசினின் இரும்புச் சட்டம் ஒட்டியது ஒருவர், தண்டு கடைந்தது ஒருவர், மோட்டர் காயில் சுற்றியது ஒருவர். பூட்டும்போது தண்டு பெயாரிங்குக்குள் இறங்கவில்லை. ஆளாளுக்கு ஓர் அளவு, வரைபடம் என்று ஒன்றும் இல்லை. தண்டைத் திரும்பக் கடைந்த பிறகு மெசின் நன்றாக ஓடியது, இப்போதும் ஓடுகிறது. அளவு குறித்த வரைபடம் இல்லாமல் இனிப் பங்கு வேலை எடுப்பதில்லை என்று குழு அன்றே முடிவெடுத்தது. அந்த மெசினில் உழைத்த எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி.

வார்ப்புதான் பெரிய குறை. எங்கள் பழைய இரும்பு லொறியில் கொழும்புக்குப் போகிறது, வார்ப்புப் பாகங்களை அங்கிருந்தே காசு கொடுத்து எடுக்கிறோம். ஒரு வார்ப்புச் சாலையைக் கூட்டாக அமைக்க முடியுமா என்று கைத்தொழில் அபிவிருத்திச் சபையிடம் ஆலோசனை கேட்க எண்ணியுள்ளோம். அப்புறம், பெடியன்கள். வேலை பழகியவுடன் வெளிநாடு போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு அமைந்த பயிற்சி நிறுவனத்தில் படிப்பவர்களுக்கு எங்கள் பட்டறைகளில் பயிலுநர் இடம் கொடுக்கலாம். ஆனால் ஒழுங்கான சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் கொடுத்தால்தான் நிற்பார்கள். தேத்தண்ணிக் காசு கொடுத்து வேலை வாங்கிய காலம் முடிந்துவிட்டது.

ஆகவே மூன்று பிரேரணைகளைச் சபை முன் வைக்கிறேன். எந்தப் பட்டறையில் என்ன மெசின் இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரித்து எல்லோருக்கும் கொடுப்பது, பங்கு வேலைக்குப் பொதுவான அளவு கருவிகளைச் சங்கப் பணத்தில் வாங்குவது, ஒருவர் கொடுத்த வேலையின் வாடிக்கையாளரை மற்றவர் நேரடியாக அணுகுவதில்லை என்று எழுத்தில் உடன்படுவது. மூன்றாவதை வாக்கெடுப்புக்கு விடுமுன் தாராளமாக விவாதியுங்கள். பட்டியலுக்கான படிவம் கதவருகே மேசையில் இருக்கிறது, போகும்போது நிரப்பித் தந்துவிட்டுப் போங்கள்.