மேசையைக் கவிழ்த்துப் பார்

அன்புள்ள மகனுக்கு,

அங்கே லண்டன் ஏலக்கூடத்தில் நீ பார்த்துவைத்திருக்கும் மூன்று கால் தேநீர் மேசையின் படங்கள் வந்து சேர்ந்தன. விளிம்பின் நெளிவும் மகோகனியின் செந்நிறமும் அழகுதான். ஆனால் எல்லாம் மேலிருந்து எடுத்த படங்கள். இத்தகைய மேசையின் சாமர்த்தியம் பலகைக்குக் கீழேதான் இருக்கிறது, தம்பி.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் தேநீர் வேளைக்கு மட்டும் இம்மேசையை நடுவே கொண்டுவருவார்கள். மற்ற நேரத்தில் வட்டப்பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துச் சுவரோரம் ஒதுக்கிவிடுவார்கள். சாதாரண மேசையில் மூன்று கால்களின்மேல் நிற்கும் நடுத்தூணின் தலையில் ஒரு கட்டை, அதன்மேல் சாயும் பலகை, அவ்வளவுதான். வேலைப்பாடு மிகுந்ததில் இரண்டு சதுரக் கட்டைகளும் அவற்றுக்கிடையே கடைந்தெடுத்த நான்கு குட்டித் தூண்களும் இருக்கும். இதைப் பறவைக்கூண்டு என்பார்கள். பெரிய தூணின் நுனி கீழ்க்கட்டையின் துளை வழியே கூண்டுக்குள் ஏறி நிற்க, குறுக்கே செருகிய ஆப்பு அதைப் பிடித்துக்கொள்வதால், பலகை சாய்வதோடு சுழலவும் செய்கிறது; ஆப்பை உருவினால் கூண்டோடு கழன்று கையில் வந்துவிடும். பலகை படுத்திருக்கும்போது எவர் கண்ணிலும் படாத அந்தக் குட்டித் தூண்களுக்கும் கழுத்தும் வயிறும் வைத்துக் கடைந்திருக்கிறானே ஒருவன், அவனுக்காகவே இம்மேசையை வாங்கலாம்.

நெளிந்த விளிம்பு ஒட்டுவேலையாக இருக்கக் கூடாது. தடித்த பலகையின் நடுப்பகுதியைச் செதுக்கித் தாழ்த்தி, ஓரத்தை மட்டும் உயரமாக விடுவதே முறை. எவ்வளவு மரம் வீணாகியிருக்கும் என்று நினைத்துப் பார். 1721ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வந்த மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியபின், ஜமைக்காவின் அகன்ற மகோகனிப் பலகைகள் தாராளமாகக் கிடைத்ததால்தான் இந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாயிற்று. பிற்காலத்தில் வெறும் பலகைகளை வாங்கி விளிம்பு செதுக்கி விற்றவர்களும் உண்டு. அப்படிச் செய்ததில் பலகை மெலிந்து, அடியிலிருந்து ஏறிய பழைய திருகாணித் துளைகள் மேலே எட்டிப் பார்க்கும்.

அளவுநாடா கொண்டுபோ. மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. ஆகையால் இருநூறு ஆண்டுகளைக் கடந்த வட்டம் இரு திசைகளிலும் ஒரே அளவைக் காட்டினால் சந்தேகப்படு. கால்கள் தூணோடு சேரும் அடிப்பக்கத்தில் இரும்புப் பட்டை அடித்திருந்தால் தயங்காதே; வலுவுக்காக வைப்பதுதான்.

சவுத் கென்சிங்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வா. அங்கே தொட விடமாட்டார்கள். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் தொட்டுப் பார்க்கலாம். அன்றைக்கே அங்கிருப்பவரிடம் கேட்டுப் பலகையைச் சாய்த்து, கூண்டை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா